தகவல் முறைமையும் சொற்குழப்பமும்

பெங்களூரில் காக்ஸ் டவுன் என்று வழங்கும் பகுதிக்குச் சர்வஞ்ஞ நகர் என்றொரு பெயரும் உண்டு. முன்னது கண்டோன்மென்ட் காலத்துக் கலெக்டர் ஒருவரின் பெயரால் அமைந்தது. பின்னது கன்னடத்தில் மூவடிப் பாக்கள் பாடிய சர்வஞ்ஞரின் பெயர். 1991இல் அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பெற்று 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு இணையாக, நான்கு நாட்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது இந்தச் சர்வஞ்ஞரின் சிலையேயாகும். எனவே அப்பெயர் இங்கு வாழும் தமிழருக்கு அயலான பெயர் அன்று. ஆயினும் சந்தைக்குச் செல்வோரும் ஆட்டோ ஓட்டுவோரும் காக்ஸ் டவுன் என்றே சொல்கின்றனர். பக்கத்திலுள்ள பிரேசர் டவுனுக்குப் புலிகேசி நகர் என்று பெயர் சூட்டியும் பழைய பெயர் மறையவில்லை.

பொருள் ஒன்று, பெயர் இரண்டு. இதனால் பெரிய இடர் ஒன்றும் இல்லையே என்று தோன்றலாம். தபால்காரருக்கு இரண்டும் ஓரிடமே என்பது தெரியும். ஆனால் சர்வஞ்ஞ நகர் என்னும் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதியும் இருக்கிறது. அது பாணஸ்வாடி, கம்மனஹள்ளி முதலிய பகுதிகளையும் தழுவிய பெரும்பரப்பு. இப்போது பெயர் ஒன்றாகவும் பொருள் இரண்டாகவும் ஆகிவிட்டது. 'சர்வஞ்ஞ நகரில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் உள்ளன?' என்று ஒருவர் கேட்டால், தேர்தல் அலுவலர் ஒரு விடை சொல்வார். நம் தெருவில் வாழும் முதியவர் வேறொரு விடை சொல்வார். இருவரும் பொய் கூறவில்லை. இருவர் மனத்திலும் உள்ள வரைபடங்கள் வெவ்வேறு, அவ்வளவே.

இத்தகைய குழப்பத்திற்கு நம் நாடு கண்ட மருந்து ஒன்றை ஈண்டு நினைவு கூர்வது பொருந்தும். 1972 ஆகஸ்டு 15ஆம் நாள் அஞ்சல் துறை ஆறு இலக்கப் பின்கோடு முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்னும் அஞ்சல் துறை அதிகாரி. அவர் வடமொழிக் கவிஞரும் ஆவார். ஒரே பெயருள்ள ஊர்கள் பல இருந்தன; முகவரிகள் பல மொழிகளில் எழுதப்பட்டன; எழுத்துக்கூட்டும் முறையோ ஆளுக்கு ஆள் மாறியது. இவற்றுக்கெல்லாம் விடையாக வந்தது எண். கடிதத்தின்மேல் 560005 என்று இருந்தால், ஊர்ப் பெயர் எந்த எழுத்தில் இருப்பினும் அது பிரேசர் டவுன் அஞ்சலகத்திற்கு வந்து சேரும். முதல் இலக்கம் 5 என்றிருந்தால் அது கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய பகுதிகளைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்திற்கும் 6.

இம்முறை மிகச் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பின்கோடு என்பது அஞ்சலகத்தின் கண்கொண்டு நாட்டைப் பார்ப்பது. எந்தத் தெருவுக்கு எந்த அஞ்சலகத்திலிருந்து ஆள் செல்கிறார் என்பதே அதன் கேள்வி. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, 'இவ்வெண் உடையோர் அனைவரும் ஒரே பேட்டையைச் சேர்ந்தோர்' என்று வேறோர் அலுவலகம் முடிவு கட்டுமாயின், அங்குக் குழப்பம் மீண்டும் முளைக்கும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டால், நாம் இன்று பேசவந்த பொருள் எளிதில் விளங்கும்.

'இன்ஃபர்மேஷன் சிஸ்டம்' என்று ஆங்கிலத்தில் ஒரு தொடர் வழங்குகிறது. தமிழில் அதைத் தகவல் முறைமை என்று சிலரும், தகவல் அமைப்பு என்று சிலரும், தகவல் தொகுதி என்று வேறு சிலரும் எழுதுகின்றனர். இருப்புப்பாதை முன்பதிவு, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, மருத்துவமனைப் பதிவு ஆகிய யாவும் இதன்பாற்படும். இவற்றை எவ்வாறு அமைப்பது, இவற்றால் நிறுவனங்களுக்கும் மக்களுக்கும் என்ன விளைகிறது என்பவற்றை ஆராய உலகெங்கும் பல்கலைக்கழகத் துறைகள் உள்ளன. அத்துறையினர் நெடுங்காலமாகத் தமக்குள் வருந்திச் சொல்லிவரும் குறை ஒன்று உண்டு. தம் துறையின் அடிப்படைச் சொற்களுக்கே தம்முள் ஒத்த பொருள் இல்லை என்பதே அது.

இது வெறும் புலம்பல் அன்று. தகவல் செயலாக்கத்திற்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு என்பது 1960இல் யுனெஸ்கோவின் ஆதரவில் தோன்றியது. அதன் பணிக்குழு ஒன்று 1988இல் ஒரு சிறு குழுவை அமைத்து, இத்துறையின் கருத்துருக்களை ஒழுங்குபடுத்தித் தருமாறு பணித்தது. அக்குழுவுக்கு 'ஃபிரிஸ்கோ' என்று பெயர். ஓர் ஆண்டில், மிஞ்சினால் இரண்டு ஆண்டில் முடியக்கூடிய வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணுவர். அறிக்கை வெளிவந்ததோ 1996இல். அதிலும் ரொனால்டு ஸ்டாம்பர் என்னும் ஆங்கில அறிஞர் தம் மாறுபட்ட கருத்தைத் தனியே எழுதிச் சேர்த்தார். சொற்களுக்குப் பொருள் வரையறுக்கக் கூடிய அறிஞர்களே சொல்லின் பொருளில் ஒன்றுபடவில்லை.

பின்னர் 2007இல் சைம் சின்ஸ் என்னும் ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தரவு, தகவல், அறிவு என்னும் மூன்று சொற்களுக்கும் விளக்கம் தருமாறு அவர் அறிஞர் பலரைக் கேட்டார். 45 அறிஞர்களிடமிருந்து வந்து சேர்ந்த விளக்கங்கள் 130. மூன்றே சொற்கள், அவையும் அத்துறையில் அன்றாடம் புழங்குபவை. நம் ஊர்ப் பட்டிமன்றங்களிலும் இத்தனை அணிகள் அமைவதில்லை.

இக்குழப்பத்தைக் கண்டு சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அவர்கள் வேறுபட்டது எதனால் என்று பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். பொறியாளருக்குத் தகவல் என்பது கம்பியில் செல்லும் குறிகளின் தொகை. கணக்கருக்கு அது பதிவேட்டில் உள்ள வரி. ஸ்வீடன் நாட்டு லாங்கஃபோர்ஸ் 1966இல் தகவல் முறைமைகளைப் பற்றி ஒரு முன்னோடி நூல் எழுதியவர். தரவு மட்டும் தகவல் ஆகாது என்பது அவர் கருத்து. அதைப் பெறுபவருக்கு முன்பே உள்ள அறிவும், அதைப் புரிந்துகொள்ளக் கிடைக்கும் காலமும் சேர்ந்தே தகவல் பிறக்கிறது என்றார். ஒரே தாளை இருவர் படித்தால் இருவர்க்கும் கிட்டும் தகவல் ஒன்றன்று என்பது இதனால் பெறப்படும். ஸ்டாம்பரோ குறிகளுக்குப் பொருள் தருவது மக்கள் கூடி வாழும் வழக்கமே என்றும், அவ்வழக்கத்தை விட்டுவிட்டுப் பொறியை மட்டும் முறைமை எனல் பொருந்தாது என்றும் வாதிட்டார். சொல்லில் தோன்றும் வேறுபாடு பார்வையில் உள்ள வேறுபாட்டின் நிழலே என்பது நம் கருத்து.

நியாய விலைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடையில் விரலை வைத்துச் சரிபார்க்கும் சிறு கருவி இருக்கிறது. 'முறைமை நன்றாக இயங்குகிறதா?' என்று கேட்கிறோம். கருவி அமைத்தவர், இணைப்பு அறுபடவில்லை, பதிவுகள் வந்து சேர்கின்றன, ஆகவே நன்றாக இயங்குகிறது என்கிறார். ஆயுளெல்லாம் பாத்திரம் துலக்கி ரேகை தேய்ந்த மூதாட்டி, மூன்று முறை நடந்தும் அரிசி வாங்க முடியாமல் திரும்புகிறாள். அவளைப் பொறுத்தவரை முறைமை இயங்கவில்லை. முறைமை என்ற சொல்லுக்குக் கருவி மட்டும் என்று பொருள் கொண்டால் முன்னவர் சொல்வது உண்மை. கருவி, கடைக்காரர், விதி, மூதாட்டி ஆகிய நால்வரும் சேர்ந்தது முறைமை என்று கொண்டால் பின்னவள் சொல்வதே உண்மை. இங்கே சொற்பொருளை வரையறுப்பது புலவர் பொழுதுபோக்கு அன்று. ஒரு வீட்டின் உலை கொதிப்பது அதனைப் பொறுத்திருக்கிறது.

நிற்க. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இப்பொருள் மிக அண்மையில் வந்து தாக்கும் இடம் ஒன்று உண்டு. அது நம் பெயர்.

முருகேசன் என்பவரின் மகன் பழனி என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு வழக்கில் அவர் மு. பழனி. தந்தை பெயரின் முதலெழுத்தே அவருக்கு இனிஷியல். ஆங்கிலத்தில் அது எம் என்னும் எழுத்தாகிறது. இதுவரை தொல்லை இல்லை. தந்தை பெயர் இராமசாமியாயின் தமிழில் இரா. என்றும் ஆங்கிலத்தில் ஆர் என்றும் வரும். ஞானசேகரனாயின் தமிழில் ஞா., ஆங்கிலத்திலோ பெரும்பாலும் ஜி. இவை இரண்டும் ஒரே மனிதரைக் குறிப்பவை என்பதைத் தமிழறிந்தவர் மட்டுமே ஊகிக்க முடியும்.

அடுத்துப் பெயர். பழனி என்பதைச் சிலர் ஆங்கிலத்தில் எல் எழுத்தைக் கொண்டும், சிலர் இசட், எச் ஆகிய இரண்டு எழுத்துகளைக் கொண்டும் எழுதுவர். கர்நாடகத்தில் வழங்கும் ஆதார் அட்டையில் பெயர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அமையும். தமிழ்நாட்டில் வாங்கிய அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இன்றைய கன்னட எழுத்தில் ழகரம் வழக்கில் இல்லை. பழங்கன்னடத்தில் ழகரமும் றகரமும் இருந்தன; பின்னர் அவை வழக்கொழிந்தன. ஆகவே பழனி பளனி ஆகிறார். தமிழ் என்னும் மொழிப் பெயரே அங்குத் தமிளு என்றுதான் எழுதப்படுகிறது. இதில் யாருடைய குற்றமும் இல்லை. ஒலி இல்லாத இடத்தில் எழுத்தை எங்கிருந்து கொணர்வது?

மறுபுறம், கன்னடத்தில் உள்ள நுட்பம் தமிழ் எழுத்தில் இல்லை. கணேசன் என்று தமிழில் எழுதியதை அறியாத பொறி ஒன்று ஆங்கிலத்தில் மாற்றினால், ஜி எழுத்தில் தொடங்கவேண்டிய பெயர் கே எழுத்தில் தொடங்கிவிடும். பாலு என்பவர் பி எழுத்தை இழந்து, அகரவரிசையில் பல பக்கம் தள்ளிப் போய்விடுவார். டில்லியில் வாழ்வோர்க்கு வேறு இடர். இந்தியில் வழக்கமாக எழுதும் எழுத்துகளில் எகர ஒகரக் குறில்கள் தனியே இல்லாமையால், செல்வி சேல்வி ஆகிறாள். கல்கத்தாவில் குடியேறியவர்க்கு, வங்க எழுத்தில் நம் வகரத்திற்கு நேரான எழுத்து இல்லாமையால், வேலு என்னும் பெயர் பகர ஒலியை ஏற்கிறது. ழகரமும் றகரமும் சிதையாமல் நம் பெயர் எழுதப்படும் அயல்மாநிலம் கேரளம் ஒன்றே எனலாம்.

இவற்றிற்கெல்லாம் மேலான தொல்லை, 'சர்நேம்' என்னும் கட்டம். குடும்பப் பெயரை எழுதுக என்கிறது படிவம். குடும்பப் பெயர் என்ற ஒன்றே நம்மில் பலருக்கு இல்லை. படிவத்தை வகுத்தவர், மனிதர் எல்லார்க்கும் இரண்டு பெயர் உண்டு, அவற்றுள் ஒன்று குடும்பம் முழுவதற்கும் பொது என்று எண்ணிக்கொண்டார். அஃது அவருடைய ஊர் வழக்கம். நாமோ அக்கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதுகிறோம். சிலர் தம் பெயரையே எழுதுகிறோம். சிலர் ஓரெழுத்தை மட்டும் இடுகிறோம். விளைவு என்ன? அலுவலகத்தில் பழனியை முருகேசன் என்று விளிக்கின்றனர். கடவுச்சீட்டில் முதற்பெயர்க் கட்டம் வெறுமையாய் இருந்தால், அமெரிக்க விசாவில் 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்று பொருள்படும் மூன்றெழுத்துச் சுருக்கம் ஏறிவிடுகிறது. பெற்றவர் ஆசையாய்ச் சூட்டிய பெயர் இருந்தும், அது அறியப்படவில்லையாம்! அண்ணன் ஒரு வகையாகவும் தங்கை ஒரு வகையாகவும் கட்டத்தை நிரப்பியிருந்தால், இருவரும் உடன்பிறந்தோர் என்பதற்கே சான்று தேட நேர்கிறது.

தந்தை இறந்தபின் வங்கிப் பணத்தையோ வருங்கால வைப்பு நிதியையோ பெறச் செல்லும் மகனிடம், 'உம் தந்தை யார்?' என்று கேட்கின்றனர். மகனின் சான்றிதழில் மு. மட்டும் உள்ளது. தந்தையின் கணக்கில் முருகேசன் என்பது ஒரு விதமாக எழுத்துக்கூட்டப்பட்டுள்ளது. இறப்புச் சான்றிதழில் வேறு விதமாக உள்ளது. நோட்டரியிடம் சென்று, இருவரும் ஒருவரே என்று உறுதிமொழித் தாள் எழுதி வாங்க வேண்டும். பொறிக்குச் சொற்கள் ஒத்திருத்தல் வேண்டும். மனிதர் ஒத்திருப்பது போதாது. ஆகவே இனிஷியலை விரித்து எழுதுவதா, எழுத்தாகவே நிறுத்துவதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் ஒருமுறை அமர்ந்து முடிவு செய்தல் நலம். பிறப்புச் சான்றிதழ் தொடங்கி அவ்வொரு முறையையே எங்கும் பின்பற்ற வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அவ்வாறே நிறுத்திக்கொள்ள வேண்டும். எது சரியான எழுத்துக்கூட்டல் என்னும் வாதம் இங்கு இரண்டாம் பட்சமே.

பெயரிலிருந்து இன்னும் ஒரு படி இறங்கினால் எழுத்து வருகிறது. தமிழ் என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று முதல் வகுப்புப் பிள்ளை விடை சொல்லும். கணினியைக் கேட்டால் ஐந்து என்னும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என அது தனித்தனியே எண்ணுகிறது. சேமித்து வைக்கும் முறையில் எண்ணினால் 15 பைட்டு என்றும் சொல்லும். 'பெயர் இருபது எழுத்துக்கு மேற்படலாகாது' என்று படிவம் எச்சரிக்கும்போது, எந்த எழுத்தைச் சொல்கிறது? தொல்காப்பியர் வழி வந்த எழுத்தையா, பொறி எண்ணும் எழுத்தையா? ஒரே சொல் இங்கே இரண்டு பொருளைத் தாங்கி நிற்கிறது.

உலக மொழிகள் பலவற்றின் எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிக்கோடு என்னும் தரத்தில், 1991இல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. இந்திய அரசு அதற்குமுன் வகுத்திருந்த பொதுக் குறியீட்டு முறையைத் தழுவியே அது அமைந்தது. அப்பொதுமுறை இந்திய எழுத்துகள் யாவும் ஒரே வரிசையில் நிற்கும் என்னும் பார்வையில் எழுந்தது. தேவநாகரிக்கு எவ்விடத்தில் எவ்வெழுத்தோ, தமிழுக்கும் அவ்விடத்தில் அதற்கு நிகரான எழுத்து. நிகர் இல்லாவிடில் வெற்றிடம். இதனால் நம் ஆய்தத்திற்கு அங்கே 'தமிழ் விசர்க்கக் குறி' என்று பெயர் அமைந்துவிட்டது. மெய்யெழுத்தின் புள்ளி 'விராமம்' ஆயிற்று. தமிழ்ப் பகுதியில் அனுஸ்வாரத்திற்கும் ஒரு குறி உண்டு. அதன் அருகிலேயே 'தமிழில் வழங்குவதில்லை' என்னும் குறிப்பும் உண்டு! ஆய்தமும் விசர்க்கமும் ஒன்றல்ல என்பதை இலக்கணம் கற்றோர் நன்கறிவர். ஆனால் யூனிக்கோட்டில் ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது விதி. பெயரை நம்பி உலகெங்கும் நிரல்கள் எழுதப்பட்டுவிட்டமையால், மாற்றினால் அவை உடையும் என்பர்.

எனின், பிழை அப்படியே நிற்க வேண்டியதுதானா? இல்லை. பெயரை மாற்றாமல், அதன் கீழே 'ஆய்தம்' என்று மாற்றுப் பெயரைக் குறித்துள்ளனர். பழைய பெயரைக் கொண்டு தேடுபவர்க்கும் வழி உண்டு. தமிழ் அறிந்தவர்க்கும் உண்மை தெரிகிறது. முழு மன நிறைவு தரும் ஏற்பாடு அன்று எனினும் அறிவுடைய ஏற்பாடு. உயிர்மெய்கள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்று விழைந்தோர் 16 பிட் முறையொன்றை வகுத்தனர். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிக்கோட்டையும் அதனையும் சேர்த்தே தரமாக ஏற்றது. இன்று நம் கைபேசிகளில் வாழ்வது யூனிக்கோடு. அதற்கு முன் ஆளுக்கொரு குறியீட்டில் எழுதி, ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் மற்றவர்க்குப் புரியாத குறிகளாய் வந்து சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் 99 மாநாடு, விசைப்பலகையையும் குறியீட்டையும் ஒழுங்குபடுத்த முயன்றது அந்தக் காலத்திலேயே.

இனிக் கலைச்சொல்லுக்கு வருவோம். அறிவியலைத் தமிழில் சொல்லும் முயற்சி புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் கிரீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்துச் சொற்பட்டியலும் தொகுத்தார். 1916இல் இராஜாஜி முதலியோர் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொல் தொகுப்பு வெளியிட்டது. வடசொல் கொள்வதா, தனித்தமிழ் ஆக்குவதா, ஆங்கிலத்தை அப்படியே எழுதுவதா என்னும் வழக்கு அன்றே தொடங்கி இன்றும் முடியாமல் நிற்கிறது. அதனை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை.

கணினித் துறையில் நிகழ்ந்தது என்னவெனில், தமிழ்நாடும் இலங்கையும் தன்னார்வலர் கூட்டமும் தனித்தனியே சொல் வகுத்தன. 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் இயக்க அமைப்பு என்கிறது. இலங்கைப் பாடநூல் பணிசெயல் முறைமை என்கிறது. இணையத்தில் எழுதும் தன்னார்வலர் பலர் இயங்குதளம் என்கின்றனர். அங்கே தொடர்பாடல் என்பது இங்கே தொடர்பு. கணினி என்பாரும் கணிப்பொறி என்பாரும் கணணி என்பாரும் உளர். தரவு, மென்பொருள் முதலிய சில சொற்கள் எங்கும் ஒன்றுபட்டிருப்பது நம் நற்பேறு.

இவற்றுள் எது சிறந்தது? உற்று நோக்கினால் ஒவ்வொன்றும் ஒரு பார்வையைச் சொல்கிறது. அமைப்பு என்றவர் உறுப்புகள் பொருந்திய கட்டுமானத்தைக் கண்டார். முறைமை என்றவர் வேலை நடக்கும் ஒழுங்கைக் கண்டார். தளம் என்றவர், மற்ற மென்பொருள்கள் ஏறி நிற்கும் மேடையைக் கண்டார். ஆங்கிலத்தில் அச்சொல் மூன்றையும் மூடி மறைத்து நிற்கிறது. தமிழில் மூன்றும் வெளிப்பட்டது ஒரு வகையில் ஆக்கமே என்பது நம் துணிபு. ஆனால் ஒரே நூலில் ஒரு பக்கம் அமைப்பு என்றும் மறுபக்கம் முறைமை என்றும் எழுதி, மாணவனை இரண்டும் வேறு போலும் என மயங்கச் செய்வதை ஏற்பதற்கில்லை. 1987இல் ஃபர்னாஸ் முதலிய ஆய்வாளர் ஒரு சோதனை செய்தனர். சமையற் குறிப்பு, விளம்பர வகை, திருத்தும் பணி முதலியவற்றுக்குப் பெயரிடுமாறு பலரைக் கேட்டனர். இருவர் ஒரே பொருளுக்கு ஒரே சொல்லைத் தேர்வது நூற்றுக்கு இருபது முறைக்கும் குறைவே என்று கண்டனர். அதற்கு அவர்கள் கூறிய பரிகாரம், ஒரு பெயரை எல்லார் மீதும் திணிப்பதன்று. ஒரு பொருளுக்குப் பல பெயராலும் செல்ல வழி வைப்பது. சொல்வோன் ஒருவனாகையால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம். தேடி வருவோர் பலராகையால் அவர்க்குப் பல வாயில் வேண்டும்.

காக்ஸ் டவுனில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இவற்றோடு வேறு சுமையும் உண்டு. வீட்டில் தகவல் என்று கேட்பது, கன்னட வகுப்பில் மாஹிதி. தரவு அங்கே தத்தாம்சம். கணினி கணகயந்திரம். வட மாநிலத்தில் வளர்ந்தால் தகவல் என்பது சூசனா. நமக்கோ சூசனை என்றால் மறைமுகக் குறிப்பு! 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இந்தியில் சூசனாவின் உரிமை என்று படிக்கும் தமிழர், குறிப்பால் உணர்த்துவதற்கும் சட்டம் வேண்டுமா என்று ஒரு கணம் திகைக்கலாம். வானொலியையே எடுத்துக்கொண்டாலும், 1935இல் கோபாலசாமி மைசூரில் தொடங்கிய நிலையத்தோடு ஆகாசவாணி என்னும் பெயர் பரவிற்று; தமிழில் நாம் வானொலி என்றே வழங்குகிறோம். பெயர் வேறாயினும் கேட்பது ஒன்றே என்று இங்குள்ளோர் இரண்டையும் ஏற்றுக் கொண்டுள்ளனர்.

பல மொழிச் சூழலில் வாழும் குடும்பங்களுக்கும், வார இறுதியில் தமிழ் வகுப்பு நடத்தும் சங்கங்களுக்கும் வேண்டுவது இன்னுமொரு பெரிய அகராதி அன்று. ஆய்தத்தின்கீழ்க் குறித்தது போன்ற சிறு குறிப்பே. ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டில் சொல்லை எழுதி, அது எந்த நாட்டு வழக்கு, எதை உட்கொள்கிறது, எதை உட்கொள்ளாது என்று அருகே ஒரு வரி எழுதினால் போதும். தகவல் முறைமை என்னும் சொல்லின் எதிரே, 'இந்நூலில் பொறியை மட்டும் குறிக்கும்' என்றோ, 'பொறியும் அதனைக் கையாளும் மக்களும் சேர்ந்தது' என்றோ இருத்தல் வேண்டும். இயக்க அமைப்பு என்பதன் எதிரே, 'தமிழ்நாட்டுப் பாடநூல்; இலங்கையில் பணிசெயல் முறைமை; இணையத்தில் இயங்குதளம்' என்று ஒரு வரி இருந்தால், வீலர் ரோட்டு வீட்டில் அமர்ந்தபடியே ஒரு மாணவி சென்னை நூலையும் கொழும்பு நூலையும் ஒருசேர விரித்து வைத்துப் படிக்கலாம்.